வெள்ளை மாட்டுக்கு வெள்ளை ஆகாது

"ஏனுங்க, இந்த மாடு என்ன நிறமுங்க?" என்று கேட்டார், எண்ணெய் வண்ணத்தில் மாடு வரையும் ஓவிய நண்பர்.

காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு. சித்திரை மாதம், பிற்பகல் மூன்று மணி. எதிரே கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில், வெள்வேல மரத்தடியில், பாதி உடம்பு வெயிலிலும் பாதி நிழலிலுமாக ஒரு பசு அசைபோட்டுக்கொண்டு நின்றது. இதில் கேட்க என்ன இருக்கிறது? "வெள்ளைதானுங்க" என்றேன்.

அவர் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். நடுவில் பஞ்சிங் மெஷினால் போட்ட ஓட்டை. "ஒத்தைக் கண்ணுல இதுக்குள்ள பாருங்க. மாட்டை மறந்துடுங்க. ஓட்டைக்குள்ள என்ன கலர் தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க."

முதுகில் மஞ்சள் ஓடிய வெள்ளை. சரி. விலாவின் நிழல் பக்கம் வந்ததும் நீலம் கலந்த சாம்பல். வயிற்றடியில் மங்கிய செங்கல் நிறம். கடைசியாகக் கழுத்தடி நிழலையும், காலடியில் வெயில் விழுந்த செம்மண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மண்தான் வெளிச்சமாக இருந்தது. வெள்ளை மாட்டின் கழுத்து அந்த மண்ணைவிட இருட்டு! அட்டையைக் கண்ணிலிருந்து எடுத்தேன். மறுபடியும் அதே வெள்ளை மாடு.

கணக்கு எளிதானதுதான். முதுகுக்கு வெளிச்சம் கொடுப்பது சூரியன். நிழல் பக்கத்துக்கு அது எட்டாது. அங்கே விழுவது நீல வானத்தின் வெளிச்சம். வயிற்றடிக்கு வானமும் எட்டாது. வெயில் பட்ட செம்மண்ணிலிருந்து தெறித்து வருவதுதான் கிடைக்கும். ஒரே தோல், மூன்று விளக்கு. இதைக் கண் அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஆனால் மூளை, 'வெளிச்சம்தான் மாறியிருக்கிறது, மாடு மாறவில்லை' என்று திருத்திவிட்டுத்தான் நமக்குக் காட்டுகிறது. நிறம் மாறாமை என்பது இதற்குப் பெயர்.

இந்தத் திருத்தம் எவ்வளவு பெரியது என்று பார்க்க ஓர் எருமையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். எருமைத் தோல் அதில் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினால்கூட 5,000 ஆகிறது. வீட்டுக்குள் 300 லக்ஸ் வெளிச்சத்தில் கொடியில் தொங்கும் வெள்ளை வேட்டி 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினாலும் 240தான். வெயிலில் நிற்கும் எருமையிடமிருந்து வேட்டியைப் போல இருபது மடங்கு வெளிச்சம் கண்ணுக்கு வருகிறது. ஆனாலும் எருமை கருப்பு, வேட்டி வெள்ளை என்றுதான் நாம் சத்தியம் செய்வோம். 1995இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்வை ஆய்வாளர் எட்வர்ட் ஏடல்சன் ஒரு சதுரங்கப் பலகைப் படம் போட்டார். நிழலுக்குள் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் வெளியே இருக்கும் 'கருப்பு'க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். சொல்லிக் காட்டிய பிறகும் கண் நம்ப மறுக்கிறது.

வாழ்வதற்கு இந்தத் திருத்தம் தேவை. காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம் என்று தெரிந்தால் சந்தையில் நம் மாட்டை நாமே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் உள்ளதை உள்ளபடி வரைகிறவருக்கு இதுதான் முதல் எதிரி. வெள்ளை மாடு என்று மூளை சொன்னதை நம்பி வெள்ளை டியூபைப் பிதுக்கினால், சுண்ணாம்பு அடித்த சுவர்தான் கேன்வாஸில் வரும்.

அடுத்த சிக்கல் பெயின்ட்டிலேயே இருக்கிறது. நல்ல டைட்டானியம் வெள்ளை தன்மேல் விழும் வெளிச்சத்தில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். கருப்பு எண்ணெய் வண்ணம் மூன்று நான்கு சதவீதம் தரும். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் முப்பது மடங்குக்குள்தான். வெளியே, வெயிலில் மின்னும் கொம்புக்கும் சாளைக்குள் இருக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கு. அதை இந்த முப்பதுக்குள் அடைத்தாக வேண்டும். நண்பர் அதனால் வெள்ளையைக் கஞ்சத்தனமாக வைத்துக்கொள்கிறார். முதுகுக்கே அதைச் செலவழித்துவிட்டால் கொம்பின் மினுக்குக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

எதைச் சுருக்குவது என்று முடிவு செய்ய அவர் அடிக்கடி கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். ஊரில் சிலர் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். இமையை முக்கால்வாசி மூடினால் முடி, புல், தோல் மடிப்பு எல்லாம் கரைந்து போய், நாலைந்து பெரிய இருட்டு வெளிச்சத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகள் சரியாக விழுந்துவிட்டால் மாடு நின்றுவிடும். அவை தப்பினால் ரோமம் ரோமமாக வரைந்தாலும் நிற்காது.

'போட்டோ மாதிரியே இருக்கு' என்று பாராட்டுவது எனக்கு ஏன் பிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செல்போன் கேமராவும் இதே சுருக்கும் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. பல நேரம் வானத்தைக் காப்பாற்ற நிழலைக் கருப்பாக்கிவிடும். போட்டோவைப் பார்த்து மட்டும் வரைகிறவர்களின் நிழல்கள் தார் பூசினாற்போல இருப்பது அதனால்தான். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து, 2021இல் கொரோனாவில் மறைந்த ஓவியர் இளையராஜா வரைந்த பெண்களைப் பாருங்கள். கருத்த கன்னத்தின் மேட்டில் வெளிச்சம் ஒரு மெல்லிய பளபளப்பாகக் கிடக்கும். கருத்த தோல் உள்ளே போன வெளிச்சத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், மேல்பரப்பில் பட்டுத் திரும்புவது தனித்துத் தெரிகிறது. அந்தப் பளபளப்பில் இருப்பது வெளிச்சம் வந்த இடத்தின் நிறம். அதைப் பார்க்கத் தெரிந்தவருக்குக் கருப்பு என்பது ஒரே நிறமல்ல.

நிறங்கள் பக்கத்து நிறத்தைப் பார்த்துக் குணம் மாறுவதை நெசவு ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்ஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது: கருப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது, சாயம் சரியில்லை. அவர் சோதித்தார். சாயத்தில் குற்றமில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததுதான் காரணம். இதைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1839இல் வந்தது; ஓவியர்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள். பவானி ஜமக்காளத்தை விரித்து வைத்து, ஒரே கருப்புப் பட்டை சிவப்புக்குப் பக்கத்தில் எப்படி இருக்கிறது, நீலத்துக்குப் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் அந்த நூலின் முதல் பாடம் முடிந்துவிடும். நண்பரும் மாட்டின் நிழலுக்கு நீலம் அதிகம் போடுவதில்லை. வெறும் சாம்பலைப் பூசிப் பக்கத்தில் செம்மண்ணை வைக்கிறார். மீதி நீலத்தைப் பார்ப்பவரின் கண் போட்டுக்கொள்கிறது.

பின்னணியில் மலை வந்தால் மட்டும் நீலத்தை அள்ளிப் போடுவார். மழை விட்ட காலையில் கோவையிலிருந்து வெள்ளியங்கிரி பச்சையாகக்கூடத் தெரியும். மற்ற நாட்களில் அது நீலம்தான். நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் காற்றும் நுண்துகளும் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. காற்று மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். தூரம் கூடக்கூட நடுவில் நீலத் திரை தடிக்கிறது. முதலில் போவது மலையின் நிழல்களில் இருக்கும் இருட்டு. அதனால் தூரத்து மலைக்குக் கருப்பு தொடக்கூடாது.

சரி, இத்தனை திருத்தத்துக்கும் நேரம் வேண்டுமே? அங்கேதான் எண்ணெய் உதவுகிறது. எண்ணெய் வண்ணம் ஈரம் ஆவியாகி உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே போய் ஒட்டிக்கொண்டு, பக்கத்து மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து வலை பின்னுகிறது. காயும்போது படலத்தின் எடை முதலில் கூடவே செய்யும். தொட்டால் ஒட்டாத நிலைக்கே சில நாட்கள் ஆகும், உள்வரை இறுக மாதங்கள். அதுவரை ஓரங்களைத் தேய்த்து மெதுவாக்கலாம், தப்பைச் சுரண்டி எடுக்கலாம்.

"பொள்ளாச்சியே பக்கத்துல இருக்கு, தேங்காயெண்ணெயில குழைச்சா ஆகாதா?" என்று ஒருமுறை கேட்டேன். ஆகாது. தேங்காயெண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாதது; ஆக்சிஜன் பிடித்துக்கொள்ள இடமில்லை. பேரன் காலத்திலும் அந்தப் படம் கையில் ஒட்டும். சமையலறைச் சுவரில் தாளிப்பு எண்ணெய் பழுப்பாகப் பிசுபிசுத்துக் கிடக்கிறதே, அது பாதி வழி வந்து நின்ற எண்ணெய் வண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நண்பர் இதையெல்லாம் புத்தகத்தில் படித்து வந்தவர் அல்ல. கோவையில் சினிமா பேனர் எழுதிய கை. கட்டம் போட்டுச் சின்னப் படத்தை ஆள் உயரக் கன்னமாக ஏற்றுவார்கள். கன்னத்தில் ஊதா, பச்சை, ரோஸ் எல்லாம் பட்டை பட்டையாகக் கிடக்கும். சாரத்தில் நிற்பவருக்கு முகமே தெரியாது. 50 மீட்டர் தள்ளி நின்றால், நல்ல கண்ணாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்த நெருக்கத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. பட்டைகள் கலந்து தோலாகிவிடும். "எங்க வாத்தியாரு சாரத்துல இருந்து இறங்கச் சொல்லி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க வைப்பாரு. அங்க தெரியறதுதானுங்க படம்" என்பார். ஃபிளெக்ஸ் வந்தது, தொழில் போனது. கொஞ்ச காலம் கடைப் பலகை எழுதினார், அப்புறம் மாட்டுக்கு வந்தார்.

நான் கிளம்பும்போது பசுவைக் கட்டுத்தரைக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். கேன்வாஸில் கொம்புக்கு வெள்ளை இன்னும் வைக்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிட்டால் ஈரப் பெயின்ட் முழுக்கச் செம்மண் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு மாதமும் அவருக்குக் கரிக்கட்டியும் தாளும்தான்.