ஒட்டுண்ணி: பூச்சியா, புழுவா, கிருமியா?

திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்தில் வயல் செய்யும் ஒருவர், மகளின் பாடசாலையிலிருந்து வந்த துண்டை என்னிடம் நீட்டினார். "நாளை பூச்சி மருந்து வழங்கப்படும்" என்று மட்டும் அதில் இருந்தது. "வயலுக்கு அடிக்கிற மருந்தையா தம்பி பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறார்கள்?" என்று கேட்டார். அவருக்குப் பூச்சி என்றால் நெல்லைத் தாக்கும் அறக்கொட்டி. மகளுக்கோ வண்ணாத்திப்பூச்சி. துண்டை எழுதியவர் நினைத்தது வயிற்றில் இருப்பதை.

தவறு அவருடையதல்ல. பூச்சி என்ற சொல்லுக்குள் பறப்பதும் அடங்கும், ஊர்வதும் அடங்கும், குடலில் குடியிருப்பதும் அடங்கும். பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சி, இனிப்புத் தின்றால் பூச்சி என்று வீட்டில் பழியும் அதன் தலையில்தான் விழுகிறது. உண்மையில் இந்தப் புழுக்கள் இனிப்பில் பிறப்பதில்லை. மலம் கலந்த மண்ணிலிருந்து, கழுவாத கை வழியாகவோ வெறுங்கால் வழியாகவோ வருகின்றன.

கிருமி என்று எழுதியிருக்கலாமே என்றால், அது இன்னும் வம்பு. வடமொழியில் 'க்ருமி' என்பதன் நேர்ப்பொருள் புழுதான். சித்த மருத்துவத்திலும் வயிற்றுப் புழுவைக் கிருமி என்றே சொன்னார்கள். நுணுக்குக்காட்டி வந்தபின், கண்ணுக்குத் தெரியாத நோய்க்காரணிகள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. பழைய வாடை முழுதாகப் போகவுமில்லை. தமிழ்நாட்டில் கிருமிநாசினி என்றால் தரை துடைக்கும் திரவம். எங்கள் பக்கத்து வயல்களில் அது பயிருக்கு அடிக்கும் நஞ்சு. துண்டில் அப்படி இருந்திருந்தால் அந்த மனிதர் மகளைப் பாடசாலைக்கே அனுப்பியிருக்க மாட்டார்.

பாடநூல் தரும் சொல் ஒட்டுண்ணி. ஒட்டிக்கொண்டு உண்பது, உண்ணி என்பதில் உண் என்ற வினை அப்படியே நிற்கிறது. மேலை மொழிகள் இதற்கு ஆளும் சொல் கிரேக்கத்தின் 'பராசிதோஸ்': பிறர் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிடுபவன். இரண்டு மொழியும் சாப்பாட்டைத்தான் பிடித்துக்கொண்டன. "தட்டுத் தட்டாகச் சாப்பிடுகிறாள், ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை" என்று கிளினிக்கில் தாய்மார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒட்டியது வேறொன்று.

ஆனால் எல்லாம் ஒட்டுவதில்லை. வட்டப்புழு குடற்சுவரைப் பற்றுவதே இல்லை. சிறுகுடலில் உணவோடு அள்ளுண்டு போகாமல் எதிர்நீச்சல் போட்டே காலம் தள்ளுகிறது. பெண்புழு 20 முதல் 35 சென்ரிமீற்றர் வரை நீளும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முட்டைகள் இடும். பிள்ளை உண்டதில் பங்கு கேட்பதோடு, விற்றமின் ஏ உடலில் சேர்வதையும் அது குறைக்கிறது.

கொளுக்கிப்புழுதான் பெயருக்கு ஏற்ற ஒட்டுண்ணி. கொளுவு என்ற வினையிலிருந்து வந்தது கொளுக்கி. தமிழ்நாட்டில் கொக்கிப்புழு என்பார்கள். எனக்கு நம்முடையதே பிடிக்கும், கொளுவிக்கொண்டு தொங்குவது அதில் தெரிகிறது. ஈர மணலில் வெறுங்காலோடு திரியும் பிள்ளையின் தோலைத் துளைத்து நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். ஒன்று ஒரு நாளில் குடிக்கும் இரத்தம் சொற்பம்தான். நூறு புழு மாதக்கணக்கில் குடித்தால் இரும்புச்சத்து தீர்ந்து குருதிச்சோகை வரும். பிள்ளை சோர்கிறது, பசி மந்தமாகிறது, வகுப்பில் கவனம் நிற்பதில்லை. கிளினிக் கொப்பியில் மேலேற வேண்டிய நிறைக்கோடு படுத்துவிடுகிறது. 1916 இலேயே அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளையினர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இந்தப் புழுவைத் துரத்த இறங்கினார்கள்.

குளிசை மட்டும் பிள்ளையை உயர்த்திவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வாளர்களுக்குள்ளேயே அதில் வழக்கு இருக்கிறது. மலசலகூடமும் செருப்பும் சோறும் கூடவே வேண்டும். நம் பேச்சு சொல்லைப் பற்றியது. ஒட்டுண்ணி பாடத்துக்குச் சரி. பெற்றோருக்குப் போகும் துண்டுக்குக் குடற்புழு போதும், எங்கே இருக்கிறது, என்ன இருக்கிறது என்று இரண்டையும் அது சொல்லிவிடுகிறது.

அந்தத் துண்டில் 'பூச்சி மருந்து' என்பதை வெட்டி, மேலே 'குடற்புழுக் குளிசை' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "எத்தனை?" என்றார்.

"மெபெண்டசோல் 500 மில்லிகிராம், ஒன்றே ஒன்று. மென்று விழுங்கச் சொல்லுங்கள்."