ஹெபடைடிஸ் பி இருந்தா சிபிசி ரிப்போர்ட்ல பிளேட்லெட்ட விட்டுடாதீங்க

ஹெபடைடிஸ் பி இருக்கறவங்க ரிப்போர்ட் வந்ததும் வைரல் லோடு (ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு) எவ்ளோ, எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் பாதிச்சா ரத்தத்துல ஏறுற என்சைம்) எவ்ளோன்னு தான் பாப்பாங்க, கூட வர்ற சிபிசில, அதாவது ரத்த அணுக்கள எண்ணுற டெஸ்ட்ல, ஹீமோகுளோபின மட்டும் பாத்துட்டு மடிச்சு வெச்சிடுவாங்க. ஆனா கல்லீரல் இப்ப எப்படி இருக்கு, இனிமே எப்படி போகும்னு கணிக்க அந்த சிபிசி ரொம்பவே உதவும்.

முக்கியமா பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவுற தட்டணுக்கள். பிளேட்லெட் உற்பத்திய தூண்டுற த்ரோம்போபொய்டின்ங்கற ஹார்மோன பெரும்பாலும் தயாரிக்கறதே கல்லீரல் தான், வைரஸால வருஷக்கணக்கா தழும்பு விழுந்து விழுந்து கல்லீரல் இறுகிட்டா அந்த ஹார்மோன் குறையும். அதோட ரத்தம் கல்லீரலுக்குள்ள சுலபமா போக முடியாம பின்னாடி பிரஷர் ஏறி மண்ணீரல் வீங்கிடும், சாதாரணமாவே உடம்புல இருக்கற பிளேட்லெட்ல மூணுல ஒரு பங்கு மண்ணீரல்ல தான் தங்கும், வீங்கினா இன்னும் நிறைய அங்கயே மாட்டிக்கும். சிரோசிஸ், அதாவது இப்படி தழும்பு முத்தி கல்லீரல் இறுகின நிலை, வந்தவங்களுக்கு கூட எஸ்ஜிபிடி நார்மலா இருக்கலாம், அதனால தான் பிளேட்லெட்டுக்கு இவ்ளோ மதிப்பு.

கல்லீரல்ல தழும்பு எவ்ளோன்னு கணிக்க ஃபிப்-4 னு ஒரு கணக்கு இருக்கு. வயச எஸ்ஜிஓடியால (எஸ்ஜிபிடி மாதிரி இன்னொரு என்சைம்) பெருக்கி, அத பிளேட்லெட்டாலயும் எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தாலயும் வகுக்கணும். வயசு 50, எஸ்ஜிஓடி 60, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.5 லட்சம்னா (கணக்குல 250னு போடணும்) 1.5 வரும். மத்ததெல்லாம் அப்படியே இருந்து பிளேட்லெட் மட்டும் 1 லட்சமா இறங்கினா 3.75. 3.25ஐ தாண்டினாலே தழும்பு முத்திப்போயிருக்கலாம்னு சந்தேகப்படுவாங்க. வைரஸ் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு கல்லீரல் கேன்சர் வர்ற வாய்ப்ப கணிக்கற பேஜ்-பி ஸ்கோர் இன்னும் சிம்பிள், வயசு, ஆணா பெண்ணா, பிளேட்லெட், இந்த மூணே போதும்.

நோய் திடீர்னு முத்தி கல்லீரல் செயலிழக்கறப்ப வெள்ளையணுக்கள் பேச ஆரம்பிக்கும். நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட்னு அதுல ரெண்டு வகை, நியூட்ரோஃபில்ல லிம்ஃபோசைட்டால வகுத்தா வர்ற எண் ஏற ஏற பிழைக்கற வாய்ப்பு குறையறதா ஆய்வுகள்ல திரும்ப திரும்ப பாத்திருக்காங்க, காரணம் அழற்சி ஏறி எதிர்ப்பு சக்தி தளர்றது. ஆர்டிடபிள்யூன்னு ஒண்ணு, சிவப்பணுக்களோட சைஸ் எவ்ளோ வித்தியாசப்படுதுன்னு காட்டும், அதுவும் ஏறும், ஆனா இரும்புச்சத்து கொறஞ்சாலும் ஏறும்ங்கறதால அத மட்டும் வெச்சு எதையும் சொல்லக்கூடாது.

டெங்கு வந்தாலும் பிளேட்லெட் இறங்கும், சில சமயம் டியூப்ல ஒண்ணா ஒட்டிக்கிட்டு மெஷின் கம்மியா எண்ணிடும், அதனால ஒரே ரிப்போர்ட்ட பாத்து பயப்படாதீங்க. பழைய ரிப்போர்ட்டெல்லாம் எடுத்து வரிசையா வைங்க. 2.4 லட்சம், 1.9 லட்சம், 1.6 லட்சம்னு இறங்கிட்டே வந்தா மூணுமே நார்மல் ரேஞ்சுக்குள்ள தான் இருக்கும், லேப்ல யாரும் சிவப்பு மார்க் போட மாட்டாங்க, டாக்டர்கிட்ட நீங்களா தான் காட்டி கேக்கணும்.