மோடம் சொன்ன பேச்சைக் கேட்டது

இணையப் பாதுகாப்பு ஆடிட்டுக்குப் போன இடம். பெயர் வேண்டாம். இரண்டு சிறிய செயற்கைக்கோள்களைச் சுற்றவிட்டிருக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மேசை, ஆறு திரை, சுவரில் உலகப்படம், பல் கிட்டும் ஏசி. அடுத்த பாஸுக்கு இன்னும் எட்டு நிமிடம் என்று ஒரு திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு கோள் ஒரு ஆன்டெனாவின் பார்வையில் இருப்பது மிஞ்சிப்போனால் 10, 12 நிமிடம். இதைத்தான் அங்கே பாஸ் என்பார்கள். அதற்குள் கோளின் உடல்நிலையை விசாரித்து, எடுத்து வைத்திருக்கும் படங்களை இறக்கி, அடுத்த சுற்றுக்கான வேலையைச் சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

ஷிஃப்ட் மாறியது. ஒருவர் எழுந்தார், இன்னொருவர் உட்கார்ந்தார். கணினியில் எதுவும் மாறவில்லை. அதே லாகின். மூன்று ஷிஃப்டுக்கும் ஏழு பேருக்கும் அந்த ஒரே லாகின்தான் என்று அப்புறம் தெரிந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

“சார், பாஸ் வர்ற நேரத்துல பாஸ்வேர்டு தட்டிக்கிட்டு இருந்தா, அது பாட்டுக்குத் தலைக்கு மேல போயிடும் சார்.”

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் புரிந்துகொள்ளாமல் ஆடிட் அறிக்கையில் “லாகின் பகிர்வு: விதிமீறல்” என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்தால், அடுத்த வருடமும் அதே வரியைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

என் வேலையைச் சொன்னதும் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட வரும் கேள்வி ஒன்று உண்டு: “செயற்கைக்கோளை ஹேக் பண்ண முடியுமா?” கேட்பவர் மனதில் மொட்டைமாடியில் பெரிய டிஷ் ஆன்டெனா வைத்துக்கொண்டு வானத்தைக் குறிபார்க்கும் ஒருவன் இருப்பான். நடந்த கதை வேறு மாதிரி. இந்தத் துறையில் யாரிடம் பேசினாலும் கடைசியில் வந்து நிற்கும் சம்பவம் அது.

2022 பிப்ரவரி 24 அதிகாலை. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு, ஐரோப்பா முழுக்க வீடுகளிலும் அலுவலகங்களிலும் செயற்கைக்கோள் இணைய மோடம்கள் கொத்துக் கொத்தாக அணையத் தொடங்கின. எல்லாம் கே.ஏ.-சாட் என்ற ஒரே கோளின் வாடிக்கையாளர்களுடையவை. கோள் அமெரிக்காவின் வயாசாட் நிறுவனத்துக்குச் சொந்தம். பாதிக்கப்பட்ட பகுதியின் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தது வேறொரு நிறுவனத்தின் இத்தாலியக் கிளை. உக்ரைனில் பல ஆயிரம் பேர், மற்ற ஐரோப்பிய நாடுகளில் பல்லாயிரம் பேர் இணைப்பை இழந்தார்கள். ஜெர்மனியின் எனர்கான் நிறுவனத்தின் சுமார் 5,800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் வசதியும் அறுந்துபோனது. அந்தக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 11 ஜிகாவாட். இறக்கைகள் பாட்டுக்குத் தானாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் அவற்றோடு பேச வழியில்லை. போருக்கும் அந்தக் காற்றாலைக்காரருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரே கோளை நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

எப்படி நடந்தது? அடுத்த மாதமே வயாசாட் தன் விளக்கத்தை வெளியிட்டது. தாக்கியவர்கள் உள்ளே வந்தது, வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழைய உதவும் ஒரு வி.பி.என். கருவி வழியாக. அதன் அமைப்பில் ஒரு தவறு இருந்தது. ஊரில் எந்த அலுவலகத்திலும் இருக்கும் அதே ரகப் பெட்டிதான். அதன் வழியே மேலாண்மை வலையமைப்புக்குள் நுழைந்து, அங்கிருந்து கோளின் சேவையை இயக்கும் பகுதிக்கு நகர்ந்து, கடைசியில் ஆயிரக்கணக்கான மோடம்களுக்கு ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பியிருக்கிறார்கள். அவை முறையான மேலாண்மைக் கட்டளைகள் என்பதை வயாசாட்டே சொல்கிறது. அவை மோடமின் ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்த முக்கியமான தகவல்களை அழித்து எழுதின. மார்ச் கடைசியில் சென்டினல்லேப்ஸ் என்ற இணையப் பாதுகாப்புக் குழுவின் ஆய்வாளர்கள் மோடம்களையும் ரவுட்டர்களையும் துடைத்தழிக்கும் ஒரு நிரலைக் கண்டுபிடித்து அதற்கு ஆசிட்ரெயின் என்று பெயர் வைத்தார்கள். தாங்கள் கண்டறிந்தவற்றோடு அது ஒத்துப்போகிறது என்று வயாசாட்டும் ஏற்றுக்கொண்டது. மே 10 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பிரிட்டனும் இதற்கு ரஷ்யாதான் காரணம் என்று அறிவித்தன.

கோளுக்கு ஒரு கீறலும் விழவில்லை. அது இருந்த இடத்தில் இருந்தது, வேலையையும் செய்தது. தரையில் இருந்த மோடம் தன் முதலாளியின் குரலில் ஒரு கட்டளை வந்ததும் சொன்ன பேச்சைக் கேட்டது. பூட்டை உடைக்கத் தேவையே இல்லை, சாவிக்காரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் போதும். கெட்ட மோடம்களை ஃபேக்டரி ரீசெட் செய்து மீட்டிருக்கலாம்தான். ஆனால் நாடு நாடாக வீட்டுக்கு வீடு அதைச் செய்வதைவிடப் புதிதாகக் கொடுப்பது வேகமாக இருந்தது. கிட்டத்தட்ட 30,000 மோடம்களை அனுப்பினார்கள்.

இதைப் படித்ததிலிருந்து எந்த நிறுவனத்துக்குப் போனாலும் ஃபயர்வால் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: இங்கே கட்டளை போட யார் யாருக்கு முடியும்? விசித்திரமான கட்டளை ஒன்று வந்தால், அது சரியான லாகினிலிருந்தே வந்தாலும், குறுக்கே நின்று “இரு, இது ஏன்?” என்று கேட்கப்போவது யார்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்கும். இரண்டாவதற்கு ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

வானத்தைக் குறிபார்த்த ஆட்களே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1986 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹெச்.பி.ஓ. சேனலின் கட்டணத்தில் கடுப்பான ஒரு டிஷ் வியாபாரி, தான் இரவு வேலை பார்த்த அப்லிங்க் நிலையத்தின் (கோளுக்கு ஒளிபரப்பை மேலே அனுப்பும் இடம்) ஆன்டெனாவைத் திருப்பி, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் கண்டனத்தை நாலரை நிமிடம் ஒளிபரப்பினார். 2007இல் இன்டெல்சாட் நிறுவனம், தன் கோளில் காலியாகக் கிடந்த அலைவரிசையை விடுதலைப் புலிகள் அனுமதியின்றிப் பயன்படுத்துவதாகக் குற்றம் சாட்டியது. புலிகள் அதை மறுத்தார்கள். இப்படியெல்லாம் செய்ய முடிவதற்குக் காரணம் பழைய பாணிக் கோளின் சுபாவம். மேலே வருவதை வாங்கி அலைவரிசை மாற்றி அப்படியே கீழே கொட்டும். கண்ணாடிக்கு முன்னால் யார் நின்றாலும் அது காட்டும் இல்லையா, அந்த மாதிரி.

கொட்டுவதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்பது இதன் மறுபக்கம். 2025இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கலிபோர்னியா, மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சான் டியாகோவில் ஒரு கட்டடத்தின் கூரையில் சில நூறு டாலர் செலவில் டிஷ் வைத்து 39 கோள்களைக் கேட்டுப் பார்த்தார்கள். கைபேசி அழைப்புகள், குறுஞ்செய்திகள், நிறுவனங்களின் உள்தகவல் என்று அடுத்தவர் படிக்க முடியாதபடி மறைக்கும் எந்தக் குறியாக்கமும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்ததாம். அனுப்பியவர்கள் எல்லாரும் மேலே யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பார்க்க மேலே போகவே வேண்டாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2020இல் தனியார் விண்வெளி முயற்சிகளுக்கு அனுமதி தரும் இன்ஸ்பேஸ் அமைப்பு, 2023இல் விண்வெளிக் கொள்கை என்று கதவு திறந்தாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்தே ராக்கெட்டைப் பறக்கவிட்டது. குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளம் எழுகிறது. இந்தியாவின் விண்வெளிப் பொருளாதாரம் 840 கோடி டாலரிலிருந்து 2033இல் 4,400 கோடி டாலராக வளரும் என்பது இன்ஸ்பேஸ் போட்டிருக்கும் கணக்கு. நல்லதுதான், சந்தோஷம்தான். ஆனால் இருபது பேர் கொண்ட ஒரு நிறுவனத்தில் ராக்கெட் இடம் கிடைக்குமா, அதிர்வுச் சோதனை தேறுமா, முதலீட்டாளருக்கு என்ன பதில் என்ற கவலைகளுக்கு நடுவில், பாதுகாப்பு எப்போதும் “அடுத்த கோளில் பார்த்துக்கலாம்” பட்டியலுக்குப் போய்விடும். மேலே போனபின் கோளின் வன்பொருளை யாரும் தொட்டுத் திருத்த முடியாது. ஐந்து வருடம் வாழப்போகும் கோளென்றால், ஏவிய அன்றைய சோம்பலும் ஐந்து வருடம் கூடவே சுற்றும்.

சோம்பல் என்று சொன்னது கொஞ்சம் அநியாயம். பல இடங்களில் அது பயம். கட்டளைக்குச் சாவி, அதாவது ஒரு ரகசிய எண், போடுங்கள் என்று சொன்னால் பொறியாளர்கள் முதலில் சொல்வது, “சாவி தொலைஞ்சா கோள் தொலைஞ்சது சார்” என்பதுதான். பொய்யில்லை. கீழே ஒரு சாவி, மேலே ஒரு சாவி என்று முரண்பட்டுவிட்டால், கோடிக்கணக்கில் செலவழித்த பொருள் காது கேட்காத பிள்ளையாகிவிடும். அவர்களிடம் நான் சொல்வது: எல்லாவற்றையும் மறைக்க வேண்டும் என்று தொடங்காதீர்கள். பேசுவது நீங்கள்தானா என்று கோள் சரிபார்க்கிறதா, அதை முதலில் பாருங்கள். ஒவ்வொரு கட்டளையோடும் சாவியை வைத்துக் கணக்கிட்ட ஒரு முத்திரை, கூடவே ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண். அந்த எண் எதற்கென்றால், நேற்று நீங்கள் அனுப்பிய கட்டளையை ஒருவன் பதிவுசெய்து வைத்து இன்று மறுபடி அனுப்பலாம். முத்திரை சரியாகத்தான் இருக்கும். ஆனால் ரேஷன் கடையில் நேற்றைய டோக்கனை நீட்டினால் இன்று சர்க்கரை கிடைக்குமா? இதற்கெல்லாம் பல நாட்டு விண்வெளி அமைப்புகள் சேர்ந்து வகுக்கும் சி.சி.எஸ்.டி.எஸ். தரநிலைகள் எப்போதோ வந்துவிட்டன, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

அந்த ஏசி அறையில் இதையெல்லாம் செய்திருந்தார்கள். முத்திரை, வரிசை எண் எல்லாம் பக்கா. பாராட்டிவிட்டு, “சேஃப் மோடில்?” என்று கேட்டேன். ஏதோ கோளாறு வந்தால் கோள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மின்தகட்டைச் சூரியன் பக்கம் திருப்பிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்குமே, அந்த நிலையில். மென்பொருள்காரர் மற்றவரைப் பார்த்தார். “அதுல முத்திரை பார்க்காது சார். அப்பவாவது நாம பேச முடியணுமே.” ஆபத்துக் காலத்துக்கென்று கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டவன் செய்ய வேண்டியதெல்லாம் கோளை எப்படியாவது சேஃப் மோடுக்குத் தள்ளுவதுதான். நெடுநேரம் பேசினோம். மீட்புக்கென்று தனியாக ஒரு சாவி, அது பெட்டகத்தில் இருக்கும், இரண்டு பேர் சேர்ந்தால்தான் எடுக்கலாம், அதைக்கொண்டு போடக்கூடிய கட்டளைகள் மிகச் சிலதே என்று முடிவாயிற்று. மேலே இருக்கும் கோள்களில் மென்பொருளைப் புதுப்பித்து இதை ஏற்ற முடிந்தது அவர்கள் அதிர்ஷ்டம். எல்லா வடிவமைப்பிலும் அதற்கு வழி இருப்பதில்லை.

கோள் செய்யும் கல்லூரி மாணவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய அமெச்சூர் அலைவரிசையில் குறியாக்கம் கூடாது என்று கேள்விப்பட்டு, கட்டளைக்கும் காவல் போடாமல் விடும் பழக்கம் இருக்கிறது. பன்னாட்டு வானொலி விதிகளே தரையிலிருந்து கோளைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞைகளுக்கு விலக்கு கொடுக்கின்றன. கோள் அனுப்பும் தகவலை உலகமே கேட்கட்டும். அதற்கு ஆணையிடுவது நீங்கள் மட்டுமாக இருக்கட்டும்.

திரும்ப லாகினுக்கே வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் கை வைக்க வேண்டியிருந்தது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இணையப் பாதுகாப்புச் சம்பவம் ஒன்று தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 180 நாள் லாக், அதாவது யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவு, வைத்திருக்க வேண்டும். லாக் அவர்களிடம் இருந்தது, ஒரு வரி குறையாமல். எல்லா வரியிலும் ஒரே பெயர்: ஆபரேட்டர்1. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கட்டளை போயிருக்கிறது என்றால் அது முருகனா, வேலனா, வி.பி.என். வழியே நுழைந்த மூன்றாமவனா? ஆறு மணி நேரம் இருக்கட்டும், ஆறு மாதம் கொடுத்தாலும் சொல்ல முடியாது.

பாஸ்வேர்டு தட்ட நேரமில்லை என்றால், தட்ட வேண்டாத ஒன்றைக் கொடுப்பதுதானே முறை. ஆளுக்கொரு அட்டை, மேசையில் ஒரு ரீடர். உட்காரும்போது வைக்க வேண்டும், எழும்போது எடுக்க வேண்டும். அன்றாடக் கட்டளைகளுக்கு அது போதும். எஞ்சினை எரிப்பது, மென்பொருளை மாற்றுவது, சாவியை மாற்றுவது போன்ற திருப்பி எடுக்க முடியாத கட்டளைகளுக்கு மட்டும் இரண்டாவது ஆளின் அட்டையும் வேண்டும். அப்படிப்பட்டவற்றைப் பாஸுக்கு முன்பே வரிசையில் போட்டு ஒப்புதல் வாங்கி வைத்துவிடலாம். அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் யாரையும் தேடி ஓட வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். அதே நாற்காலியில் அதே ஆள். பாஸுக்கு நாற்பது விநாடி இருக்கும்போது கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி வைத்தார். டிக் என்று ஒரு சத்தம், பச்சை விளக்கு. “ரெண்டு செகண்ட்தான் சார்” என்றார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. எனக்கும் சந்தோஷம். ஆன்டெனாவைத் திருப்பும் கருவியின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருந்தது. விற்றவர் வந்துதான் மாற்றித் தர வேண்டுமாம். போன் போட்டால் வர்றேன் வர்றேன் என்கிறாராம்.