மூன்று நாளில் ஏற்கப்பட்ட கட்டுரை

"சேர், என்ர பேப்பரை எடுத்திட்டாங்கள்!"

மாரி தொடங்கிய நேரம். மடிக்கணினியும் கையுமாக வாசலில் நின்றார் இறுதியாண்டு மாணவி. அனுப்பி மூன்றே நாள். 150 டொலர் கட்டினால் அடுத்த இதழில் வந்துவிடுமாம்.

"காசு கட்டீட்டியா பிள்ளை?"

"இல்லை சேர். நெல்லு வித்த காசு இருக்கு. அப்பா நாளைக்கு ஒட்டுசுட்டானிலயிருந்து வாறார்."

வன்னியில் நிரலாக்க மொழிகள் கற்பிக்கத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. இப்படி வந்து நின்ற பிள்ளைகள் பலர். என் முதல் கட்டுரையும் இப்படி, வாசிக்காமலே காசுக்கு ஏற்கும் ஒரு இதழில்தான் வந்தது. இரண்டு வருடத்தில் அந்தத் தளமே மறைந்துவிட்டது. ஒருமுறை அச்சேறியதைப் புதிய ஆய்வென்று வேறெங்கும் அனுப்பவும் முடியாது. அந்த உழைப்பு போனதுதான். இன்னொரு பிள்ளைக்கு அது நடக்கக்கூடாது.

மாணவியின் வேலை நல்ல வேலை. தமிழ்ப் புணர்ச்சி விதிகளைக் குறியீட்டுக் கணிப்பு முறையில், இந்த வடிவத்தைக் கண்டால் அந்த வடிவமாக மாற்று என்ற விதிகளாக லிஸ்ப் என்ற நிரலாக்க மொழியில் எழுதியிருந்தார். 'மரம்', 'கிளை' இரண்டையும் கொடுத்தோம். 'மரக்கிளை' வந்தது. விதிகளின் வரிசையை மாற்றிப் போட்டோம். 'மரங்கிளை' என்றது. 'மரங்கள்' வருவதற்காக மகரத்தை ஙகரமாகத் திரிக்கும் விதியும், மகரத்தைக் கெடுத்து ககரத்தை மிகுவிக்கும் விதியும் ஒரே இடத்தில் மோதுகின்றன.

எந்த வழியால் போனாலும் ஒரே விடைக்கு வந்து சேருமா என்பது இந்தத் துறையின் ஆதாரக் கேள்வி. விதிகள் மோதும் இடங்களைத் தேடிப் பிடித்துச் சோதிக்கும் முறையை நூத், பென்டிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்டார்கள். அதற்கு நெருங்கிய எண்ணம் பல்லுறுப்புக் கோவைகளுக்காக ஒஸ்திரியக் கணிதவியலாளர் புருனோ புக்பெர்கரின் 1965 முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருக்கிறது. 1985இல் குறியீட்டுக் கணிப்புக்கான 'ஜேர்னல் ஒஃப் சிம்பொலிக் கொம்பியூட்டேஷன்' இதழைத் தொடக்கியவரும் அவர்தான். இவற்றை வாசித்த எந்த மதிப்பீட்டாளரும், அதாவது இதழுக்காகக் கட்டுரையை வாசித்துத் தரம் பார்ப்பவர், ஒரே விடை வருமா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பார். மாணவிக்கு வந்த கடிதத்தில் இருந்தது ஒரே வரி: சிறந்த ஆய்வு, ஆங்கிலத்தைச் சற்றுத் திருத்தவும். ஒருவரும் வாசிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெரிய பெயரைக் கண்டும் கண்ணை மூடிவிட வேண்டாம். 2005இல் எம்.ஐ.டி. மாணவர் மூவர், இலக்கண விதிகளைக் கொண்டு பொருளற்ற கணினிக் கட்டுரைகளை உற்பத்தி செய்யும் 'சைஜென்' என்ற நிரலை எழுதினார்கள். அதில் பிறந்த ஒன்றை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. 2014இல் பெரிய ஆய்வு வெளியீட்டாளர்களான ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.யும் அந்த வகைக் கட்டுரைகள் 120க்கும் மேற்பட்டவற்றை நீக்க வேண்டி வந்தது.

முன்பின் தெரியாத லொறியில் வந்த விதைநெல்லை நம்மவர் வாங்குவதில்லை. யார் வயலில் விளைந்தது, போன போகம் எப்படி என்று விசாரிப்பார்கள். இங்கும் விசாரிக்கலாம். உங்கள் கட்டுரையில் நீங்கள் மேற்கோள் காட்டும் ஆய்வாளர்கள் எங்கே எழுதுகிறார்கள்? கணினித் துறைக் கட்டுரைகளைப் பட்டியலிடும் 'டி.பி.எல்.பி.' தளத்தில் பெயரைத் தட்டினால் இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் அனுப்ப நினைக்கும் இதழில் அவர்களில் ஒருவர்கூட எழுதவில்லையென்றால் விலகுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்பார்கள். அது இதழுக்கான அடையாள எண், தரச்சான்று அல்ல.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதவி உயர்வுக்கு இதழ்தான் கணக்கு, மாநாடு இரண்டாம் பட்சம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நிரலாக்க மொழித் துறையில் நிலைமை வேறு. 1973இல் தொடங்கிய 'பொப்பிள்' மாநாட்டில் ஒரு கட்டுரை ஏற்கப்படுவது பல இதழ்களில் வருவதைவிடக் கடினம். 2017க்குப் பின் அந்தக் கட்டுரைகள் கணினித் துறைச் சங்கமான ஏ.சி.எம். நடத்தும் இதழாகவே வெளிவருகின்றன. பதவி உயர்வுப் படிவத்தை நிரப்பும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

காசில்லாத வழிகளும் இருக்கின்றன. இதழ் மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் 'ஆர்கைவ்' இணையக் களஞ்சியத்தில் கட்டுரையை இலவசமாக வைக்கலாம். முதன்முறை போடுபவருக்குத் துறைசார்ந்த ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம், மேற்பார்வையாளர் உதவட்டும். ஆய்வுக்குப் பயன்படக்கூடிய திறந்த மூல மென்பொருள் கையில் இருந்தால் 'ஜேர்னல் ஒஃப் ஓப்பன் சோர்ஸ் சொஃப்ட்வெயர்' கட்டணமே வாங்குவதில்லை. மதிப்பீடும் எல்லோரும் பார்க்கத் திறந்த வெளியில் நடக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் பிறருடைய மதிப்பீடுகளை அங்கே ஒரு நாள் இருந்து வாசியுங்கள்.

மாணவி காசு கட்டவில்லை. கட்டுரை, விதிப்படி ஒரு வடிவத்தை இன்னொன்றாக்கும் மீளெழுதல் முறைகள் பற்றிய ஒரு சிறிய ஆய்வுப் பட்டறைக்குப் போனது. நிராகரித்துவிட்டார்கள். ஆனால் இரண்டு மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் நான்கு பக்கம். ஒருவர் நிரலை இயக்கியே பார்த்திருக்கிறார். விகுதியையும் தனிச்சொல்லையும் பிரித்தறியாமல் இந்த மோதல் தீராது என்பது அவர் எழுதியது.

இப்போது மாணவி இரண்டுக்கும் வேறு வேறு குறியீடு கொடுத்து விதிகளைத் திரும்ப எழுதுகிறார். 'மரக்கிளை'யும் 'மரங்கள்'உம் எந்த வரிசையிலும் சரியாக வருகின்றன. போன கிழமை 'காலங்கடந்து' என்ற சொல்லோடு வந்தார். "சேர், கடந்து தனிச்சொல்தானே? பிறகேன் இதில மகரம் கெடேல்லை?" இருவரும் பின்னேரம் முழுக்க இருந்து பார்த்தோம். இன்னும் பிடிபடவில்லை.