வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் உங்கள் நிரல் எங்களுக்குத் தேவை

சென்ற ஆண்டு ஜூன் மாதம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின் அளவீட்டுக் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து, நான் தன்னார்வலராக வெளியீட்டுப் பணி பார்க்கும் திறமூலக் கம்பைலர் திட்டத்துக்கு ஒரு பிழை அறிக்கை வந்தது. கம்பைலர் என்பது, மனிதர் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள். ஆறு ஆண்டுகளாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அவர்களது நிரல், எங்கள் புதிய பதிப்பில் கம்பைல் செய்த பிறகு, சரியாக 256 பைட் நீளமுள்ள தரவுப் பாக்கெட்டுகளுக்கு மட்டும், தரவு சிதையாமல் வந்ததா என்று பார்க்க உதவும் எண்ணான செக்சம்மைத் தவறாகக் கணக்கிட்டது. 255 பைட்டுக்குச் சரியான விடை வந்தது. 256 பைட்டுக்குச் சுழியம் வந்தது. நிரல் வேகமாக ஓடுவதற்காகக் கம்பைலர் செய்யும் மாற்றங்களான ஆப்டிமைசேஷனை நிறுத்திவிட்டுக் கம்பைல் செய்தால் இரண்டுமே சரியாக இருந்தன. அந்தப் பதிப்பு வெளியாகி அன்றோடு 22 நாட்கள் ஆகியிருந்தன.

அவர்கள் எழுதியிருந்தது, ஒரு பைட் அளவுள்ள எண்ணியை வைத்துக்கொண்டு, முதலில் வேலையைச் செய்து, பிறகு எண்ணியில் ஒன்றைக் குறைத்து, சுழியம் ஆனதும் நிற்கும் ஒரு சாதாரண லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி. 256 என்ற எண் ஒரு பைட்டுக்குள் அடங்காது. அதை அங்கே இட்டால் சுழியமாகிவிடும். சுழியத்தில் ஒன்றைக் குறைத்தால் 255 ஆகும், ஆகவே லூப் மொத்தம் 256 முறை ஓடும். கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகளுக்கு நிரல் எழுதும் எம்பெடெட் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் வழக்கம் இது. எதிர்மறை மதிப்புக்கு இடமில்லாத குறியில்லா எண்கள் இப்படிச் சுற்றி வருவதை சி மொழியின் தரநிலையே உறுதிசெய்வதால், குற்றம் அவர்கள் பக்கம் இல்லை. அந்தப் பதிப்பில் நாங்கள் புதிதாகச் சேர்த்த லூப் ஆப்டிமைசேஷன், எண்ணி சுழியத்தில் தொடங்குவதைக் கண்டதும், லூப் ஒரு முறைகூட ஓடாது என்று முடிவுகட்டியிருந்தது.

திருத்தம் ஒரே ஒரு வரிதான். மறுநாளே அதை மூலக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டோம். ஆனால் வெளியாகிவிட்ட பதிப்பில் அது போய்ச் சேர, அடுத்த சிறு பதிப்பு வரும்வரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை அந்த நிறுவனம் பழைய கம்பைலருக்கே திரும்பிப் போக நேர்ந்தது. இதே அறிக்கை நான்கு வாரங்களுக்கு முன்னால் வந்திருந்தால், இதைச் சரிசெய்யாமல் வெளியீடே நடந்திருக்காது. தவறான விடை தரும் நிரலை உருவாக்கும் பிழை, கம்பைலரில் இருக்கக்கூடிய பிழைகளிலேயே மோசமானது. கம்பைலர் பாதியில் நின்றுபோனால் அது கண்ணுக்குத் தெரியும். தவறான விடை தெரியாது. சென்னையிலும் பிற ஊர்களிலும் சி, சி++, ரஸ்ட், கோ ஆகிய மொழிகளில் வேலை செய்கிறவர்கள் வெளியீட்டுக்கு முந்தைய அந்த வாரங்கள் எப்படிப்பட்டவை என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு கம்பைலரின் புதிய பதிப்பு ஒரே நாளில் உருவாவதில்லை. பரவலாகப் புழங்கும் திறமூலக் கம்பைலரான ஜிசிசியின் திட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதி முதல் கட்டம் எனப்படும். புதிய வசதிகள் அப்போதுதான் சேரும். நவம்பர் வாக்கில் அந்தக் கதவு மூடப்பட்டு, பொதுவான பிழைத்திருத்தத்துக்கான மூன்றாம் கட்டம் தொடங்குகிறது (இரண்டாம் கட்டம் இப்போது வழக்கில் இல்லை). ஜனவரிக்குப் பிறகு நான்காம் கட்டம். அதில், முந்தைய பதிப்பில் சரியாக இருந்து இப்போது கெட்டுப்போனவற்றுக்கான திருத்தங்களுக்கும் ஆவணங்களுக்கும் மட்டுமே இடம் உண்டு. இப்படிக் கெட்டுப்போவதைத்தான் ரிக்ரெஷன் என்கிறோம். மிக உயர்ந்த முன்னுரிமை கொண்ட ரிக்ரெஷன்களின் எண்ணிக்கை சுழியமான பிறகே வெளியிடப்போகும் நிரல் தனிப் பிரதியாக, அதாவது வெளியீட்டுக் கிளையாக, பிரிக்கப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் புதிய பதிப்பு வருகிறது. இன்னொரு பெரிய கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகளை வெளியிடுகிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் கிளை பிரிந்து, மார்ச், செப்டம்பர் வாக்கில் பதிப்பு வருகிறது. ஜனவரிக் கிளை நமது பொங்கல் விடுமுறையை ஒட்டி வருவதால், இங்கிருந்து அதைச் சோதிக்கக்கூடிய பலருடைய கவனத்துக்கு அது வராமலே போய்விடுகிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். ரஸ்ட் ஆறு வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்ற கணக்கில் ஓடுகிறது. இப்போது பீட்டாவாக, அதாவது சோதனைப் பதிப்பாக, இருப்பதுதான் ஆறு வாரம் கழித்து நிலைப்பதிப்பாக வரும்.

கிளை பிரிந்த பிறகு, ரிலீஸ் கேண்டிடேட் என்றும் சுருக்கமாக ஆர்சி என்றும் சொல்லப்படும் முன்பதிப்புகள் வருகின்றன. 'இதில் பெரிய குறை எதுவும் தென்படாவிட்டால் இதையே வெளியிடப் போகிறோம்' என்பது அதன் பொருள். பலர் அதை அரைகுறைப் பதிப்பு என்று எண்ணித் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது முடிந்த பதிப்பு. உங்கள் நிரலோடு ஒத்துப்போகிறதா என்ற பதில் மட்டுமே அதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

வெளியீட்டுப் பொறுப்பில் இருப்பவருக்கு அந்த வாரங்களில் மிகக் கடினமான வேலை, நல்ல திருத்தங்களுக்கு மறுப்புச் சொல்வதுதான். மாணவர் ஒருவர் கிளை பிரிந்த நான்காம் நாளில் ஒரு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பியிருந்தார். பிழைச் செய்தி காட்டும்போது, பிழை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே கம்பைலர் ஓர் அம்புக்குறி போடும். அந்த வரியில் தமிழ் எழுத்து இருந்தால் அந்தக் குறி தள்ளிப் போய் விழுந்தது. 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது இரண்டு எழுத்து. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் ககரம், ஒகரக் குறி, டகரம், இகரக் குறி என நான்கு குறியீடுகள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பன்னிரண்டு பைட்டுகள். எங்கள் கம்பைலர் பைட்டுகளை எண்ணிக்கொண்டிருந்ததால், இரண்டெழுத்துக்குப் பிறகு விழ வேண்டிய குறி பன்னிரண்டு இடத்துக்குப் பிறகு விழுந்தது. அந்த மாணவரின் பேட்ச் நேர்த்தியானது. நான் மனதார விரும்பிய திருத்தமும்கூட. ஆனாலும் அது பதினான்கு கோப்புகளைத் தொட்டது. வரியில் எத்தனையாவது இடம் என்ற எண்ணைக் கணக்கிடும் அடிப்படைப் பகுதியையே மாற்றியது. அந்த எண்ணை நம்பித்தான் எடிட்டர்கள் பிழை இடத்துக்குத் தாவுகின்றன. வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கையில் அதைச் சேர்ப்பது சரியில்லை என்று அவருக்கு விரிவாக எழுதினேன். அடுத்த பதிப்பின் முதல் வாரத்திலேயே அது சேர்ந்தது, அவர் பெயருடன்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் 256 பைட் பிழை எப்படித் தப்பியது என்று கேட்கலாம். கம்பைலர் திட்டம் ஒவ்வொன்றிலும் பல்லாயிரக்கணக்கான சோதனைகள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, முன்பு ஒருமுறை கெட்டுப்போனது மீண்டும் கெடாமல் காப்பதற்காகச் சேர்ந்தவை. எங்கள் லூப் சோதனைகளில் இருந்த எண்ணிகள் அனைத்தும் 32 பிட் அளவுள்ளவை. ஒரு பைட் எண்ணியைச் சுழியத்தில் தொடங்கி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. லினக்ஸ் வெளியீடான ஃபெடோரா தன் மென்பொருள் தொகுப்புகள் முழுவதையும் வெளிவராத ஜிசிசியைக் கொண்டு மறுபடி கம்பைல் செய்து பார்க்கிறது. ரஸ்ட் திட்டம் கிரேட்டர் என்ற கருவியால், பொதுவெளியில் கிடைக்கும் ரஸ்ட் நிரல்களைப் புதிய பதிப்பில் கட்டிச் சோதிக்கிறது. இவை பெரிய உதவி. ஆனால் ராஜீவ் காந்தி சாலை நெடுக உள்ள அலுவலகங்களிலும், கிண்டி, அம்பத்தூர்ப் பட்டறைகளிலும் மூடிய களஞ்சியங்களுக்குள் இருக்கும் நிரல் இவற்றில் எதிலும் சேராது. அதை ஓட்டிப் பார்க்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே.

வன்பொருளுக்கும் இதே நிலைதான். ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி செயலி ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த செயலிக் கட்டமைப்பைச் சேர்ந்தது. அந்தக் கட்டமைப்புக்கான ஆதரவு ஜிசிசியில் 2017இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் சேர்ந்தது. எல்எல்விஎம்மில் 2019இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் சோதனை நிலையிலிருந்து முழு நிலைக்கு உயர்ந்தது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் உள்ள எக்ஸ்86 கட்டமைப்புக்கானது போலப் பல பத்தாண்டுகள் அடிபட்டுத் தேறிய பகுதி அல்ல அது. எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் பெரும்பாலும், செயலியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில்தான் சோதிக்கிறோம். மேசைமேல் உண்மையான போர்டை வைத்திருப்பவர் ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் அதன் மதிப்பு மிகப் பெரிது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். புதிய பதிப்பில் நிரல் கம்பைல் ஆகாவிட்டால் அது எப்போதும் கம்பைலரின் பிழை அல்ல. 2020இல் வந்த ஜிசிசி 10, ஒரே குளோபல் மாறியை இரண்டு கோப்புகளில் எக்ஸ்டெர்ன் என்ற குறிச்சொல் இல்லாமல் அறிவித்தால், கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் ஏற்காத வகையில் இயல்புநிலையை மாற்றியது. 2024இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைப்பதை வெறும் எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. 2025இல் வந்த ஜிசிசி 15, சி மொழிக்கு சி23 தரநிலையை இயல்பாக்கியது. அதனால் பூல் (bool) என்ற பெயரில் தாங்களே ஒரு வகையை வரையறுத்துக்கொண்ட (டைப்டெஃப்) பழைய நிரல்களும், வெற்று அடைப்புக்குறியோடு ஃபங்ஷனை அறிவித்துவிட்டு அதற்கு ஆர்க்யுமென்ட் அனுப்பிய நிரல்களும் நின்றுபோயின. இவை திட்டமிட்ட மாற்றங்கள். வெளியீட்டுக் குறிப்பிலும், ஒவ்வொரு பெரிய பதிப்போடும் ஜிசிசி தரும் மாறிச்செல்லும் வழிகாட்டியிலும் விளக்கப்பட்டவை. எச்சரிக்கைச் செய்திகளைப் பல ஆண்டுகள் பொருட்படுத்தாமல் விட்ட நிரலே இங்கே அடிபடுகிறது. நமது கல்லூரி ஆய்வகங்களில், ஃபங்ஷன் அறிவிப்புகள் உள்ள ஹெடர் கோப்பை இணைக்காமலே எழுதிப் பழகும் வழக்கத்தை ஆசிரியர்கள் இப்போதாவது நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சோதிக்க முன்வருகிறவர்கள், ஆர்சியை இப்போதுள்ள கம்பைலரின் மேல் நிறுவாமல், தனி டைரக்டரியில் நிறுவ வேண்டும். முதலில் ஆப்டிமைசேஷன் இல்லாமலும், பிறகு நீங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் அதே நிலையிலும் கம்பைல் செய்து, இரண்டிலும் உங்கள் சோதனைகளை ஓட்டுங்கள். விடை வேறுபட்டால், வரையறுக்கப்படாத நடத்தையை, அதாவது விளைவு என்னவென்று தரநிலை சொல்லாத நிரலை, கண்டுபிடிக்கும் சானிடைசர் என்ற கருவியை இயக்கி, குற்றம் உங்கள் நிரலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்று உறுதியான பிறகு சிக்கலைச் சுருக்குங்கள். அம்பத்தூரிலிருந்து எங்களுக்கு வந்த கோப்பு ஏறத்தாழ நாலாயிரம் வரி. பிழை மறையாமல் நிரலைச் சுருக்கும் சி-வைஸ் என்ற கருவியிடம் கொடுத்துவிட்டு இரவு உணவுக்குப் போனேன். திரும்பியபோது அது பதினோரு வரியாகியிருந்தது. நிறுவனங்கள் இரகசியம் கருதித் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதினோரு வரியில் மாறிகளின் பெயர்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு லூப் மட்டும். அதை மேலாளரிடம் காட்டி அனுமதி பெறுவது எளிது. சிறிய சோதனை கையில் இருந்தால் மற்றது விரைவாக நடக்கும். இரண்டு பதிப்புகளுக்கு இடையே சுமார் 2000 கமிட்டுகள், அதாவது பதிவான மாற்றங்கள், இருந்தன. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஜிட் கருவியின் பைசெக்ட் கட்டளை ஒவ்வொரு முறையும் பாதியை விலக்கிக்கொண்டே போவதால், பதினோரு முறை கம்பைலரைக் கட்டியதில் குற்றவாளிக் கமிட் அகப்பட்டது.

வெளியீட்டு நாளில் நாங்கள் செய்யும் இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். கம்பைலரைப் பழைய கம்பைலரால் கட்டுகிறோம். அப்படிக் கிடைத்ததைக் கொண்டு மீண்டும் கட்டுகிறோம். அதைக் கொண்டு மூன்றாம் முறையும் கட்டி, இரண்டாவதும் மூன்றாவதும் பைட் மாறாமல் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடுகிறோம். பிறகு வெளியீட்டுத் தொகுப்பைக் களஞ்சியத்திலிருந்து ஸ்கிரிப்ட் வழியாகவே உருவாக்கி, வேறொருவர் தம் கணினியில் உருவாக்கியதோடு ஒப்பிட்ட பிறகுதான் கையொப்பமிடுகிறோம். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தில், கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருளில் ஒளித்து வைக்கப்பட்ட இரகசியப் பின்கதவைச் செயல்படுத்திய பில்ட் ஸ்கிரிப்ட் பகுதி ஜிட் களஞ்சியத்தில் இல்லாமல் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளரால் அது பிடிபட்டது. உங்கள் அலுவலகத்தில் கம்பைலரைப் பதிவிறக்கும்போது கையொப்பத்தைச் சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்த ஆண்டு முதல் ஆர்சி வந்த மறுநாள் காலையில், அதே அம்பத்தூர் நிறுவனத்திலிருந்து இரண்டு அறிக்கைகள் வந்திருந்தன. பயன்பாட்டில் இல்லாத ஒரு கணினியில் இரவு முழுவதும் தங்கள் நிரலைக் கட்டி ஓட்டியிருக்கிறார்கள். இரண்டில் ஒன்று அவர்கள் ஹெடரில் இருந்த பழைய தவறு. அதை அவர்களே அன்று மாலைக்குள் திருத்திக்கொண்டார்கள். மற்றொன்று எங்களுடையது, ஒன்பது வரிச் சோதனையோடு வந்தது. அது இரண்டாம் ஆர்சியில் சரியானது. அந்த ஒன்பது வரி இப்போது எங்கள் சோதனைத் தொகுப்பில், சென்ற ஆண்டின் பதினோரு வரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.