ஆளுக்கொரு துண்டு கணினி

புதிதாக எழுதிய நெட்வொர்க் சேவை ஆய்வகத்தில் பிசகில்லாமல் ஓடும். ஓடாமல் என்ன செய்யும்? அங்கே இருப்பது நாலைந்து கணினிகளும் அவற்றை இணைக்கும் ஒரு சுவிட்சும்தான். பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துணுக்கு, போய்த் திரும்ப ஒரு மில்லிசெகண்ட் கூட ஆகாது. வெளியே, கடல் தாண்டிப் போய் வர 200 மில்லிசெகண்ட் பிடிக்கலாம். வழியில் பாக்கெட் தொலையும். முன்னால் கிளம்பியது பின்னால் வந்து சேரும்.

சரி, உலகெங்கும் சர்வர் வாங்கி வைத்துச் சோதிக்க யாரிடம் பணம் இருக்கிறது? 2002-இல் தொடங்கிய பிளானட்லேப் என்ற ஆய்வுக் கணினி வலையமைப்பு இதற்குக் கூட்டுச் சமையல் மாதிரி ஒரு வழி கண்டது. முதல் நூறு கணினிகளை இன்டெல் தந்தது. அப்புறம், இரண்டு கணினியைக் கொண்டுவந்து சேர்க்கும் பல்கலைக்கழகம் மற்ற எல்லாக் கணினிகளையும் பயன்படுத்தலாம் என்றார்கள். கணினிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. 2020-இல் பிளானட்லேப் மூடப்பட்டது.

அதில் ஆய்வாளருக்கு முழுக் கணினி கிடைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு மெய்நிகர் கணினி, அதாவது தனிக் கணினி போலவே தெரியும் ஒரு பங்கு, கிடைத்தது. அவை எல்லாம் சேர்ந்தது அவருடைய 'ஸ்லைஸ்', அதாவது துண்டு. அடியில் ஓடியது ஒரே லினக்ஸ் கெர்னல்தான்; கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி. ஆனால் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனிக் கோப்புகளும் தனி நிர்வாகியும் இருந்தார்கள். தனித்தனி இயங்குதளம் இல்லாததால் சுமை குறைவு. ஒரே பெட்டியில் பலரைக் குடிவைக்க முடிந்தது.

குடித்தனம் என்றால் சண்டையும் உண்டு. யாரோ நினைவகத்தை விழுங்கினால் எல்லோருக்கும் மூச்சுத் திணறும். அதனால் ஒரு காவல் நிரல் வைத்தார்கள்: நிலைமை முற்றினால், அதிகம் தின்றவரின் மெய்நிகர் கணினியை அது மறுதொடக்கம் செய்துவிடும். ஆய்வு மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்பும் கடைசி நாட்களில் கூட்டம் நெரிந்தது. அந்த வாரத்தில் எடுத்த வேக அளவுகளை நான் நம்பமாட்டேன். சேவையின் பழைய பதிப்பையும் புதியதையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

துல்லியமான, திரும்பச் செய்யக்கூடிய அளவு வேண்டுமென்றால் மினிநெட் என்ற மென்பொருள் போதும். ஒரு மடிக்கணினிக்குள்ளேயே முழு நெட்வொர்க்கைக் கட்டி, தாமதத்தையும் இழப்பையும் நாமே வைக்கலாம். ஆனால் நாம் வைக்காத எதுவும் அங்கே நடக்காது.

பிளானட்லேபில் நடந்தது. பிரின்ஸ்டன் குழு 2003-இல் 'கோடீன்' என்ற இணையப் பக்க விநியோகச் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. வாசகர்களோடு எரிதம் (ஸ்பாம்) அனுப்புவோரும் தங்கள் முகவரியை மறைத்துக்கொள்ள வந்து நுழைந்தார்கள். யார் எவ்வளவு கேட்கலாம் என்ற வரம்புகளை அந்தக் குழு அதற்கப்புறம் உட்கார்ந்து எழுதியது.