முதன்மைச் சர்வர் மௌனமாகும்போது: தரவுத்தளக் கிளஸ்டர் முடிவெடுக்கும் விதம்

ஒரு தரவுத்தளத்தின் நகல்களை இரண்டு மூன்று சர்வர்களில் வைத்திருந்து, ஒன்று விழுந்தால் இன்னொன்று உடனே பொறுப்பேற்கும்படி அமைப்பதுதான் கிளஸ்டரின் நோக்கம். இதை நிறுவுவோர் பெரும்பாலும் நகலெடுக்கும் பகுதியிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். அந்தப் பகுதிக்கு நல்ல தீர்வுகள் எப்போதோ வந்துவிட்டன. பதில் சொல்லாத சர்வர் உண்மையிலேயே செயலிழந்ததா, அல்லது அதற்கும் நமக்கும் இடையிலான பிணையம்தான் அறுந்ததா என்று தீர்மானிப்பதே கடினமானது. கவனம் முதலில் போக வேண்டிய இடமும் அதுவே.

நகலாக்கம் இயங்கும் முறையை போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைக் கொண்டு பார்க்கலாம். அதில் செய்யப்படும் எந்த மாற்றமும் அட்டவணைக் கோப்புகளுக்குப் போகும் முன் ஒரு தொடர் பதிவேட்டில் எழுதப்படுகிறது. மின்சாரம் போய்த் திரும்பினால், இந்தப் பதிவேட்டை மீண்டும் வாசித்துத்தான் தரவுத்தளம் தன்னைச் சீர்செய்துகொள்கிறது. அதே பதிவேட்டை இன்னொரு சர்வருக்கு இடைவிடாமல் அனுப்பினால் அங்கும் அதே தரவு உருவாகும் அல்லவா? 2010இல் வந்த 9.0 பதிப்பு இதைச் சாத்தியமாக்கியது. துணைச் சர்வரில் முதலில் முழுத் தரவின் அடிப்படை நகல் ஒன்றை இறக்க வேண்டும். பிறகு வந்துகொண்டே இருக்கும் பதிவுகளை அது வரிசை தவறாமல் செயல்படுத்தும். ஒவ்வொரு பதிவுக்கும் பதிவேட்டில் ஒரு இட எண் உண்டு. முதன்மைச் சர்வர் எழுதிய கடைசி எண்ணுக்கும் துணைச் சர்வர் எட்டிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின்னடைவு. கிளஸ்டரைப் பராமரிப்பவர் நாள்தோறும் பார்க்க வேண்டிய எண்களில் இதுவே முதன்மையானது.

துணைச் சர்வருக்குப் பதிவு போய்ச் சேரும்வரை பயனரைக் காக்க வைப்பதா என்பது அடுத்த கேள்வி. காத்திருந்தால் தரவு இழப்பு இல்லை, ஆனால் தாமதம் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும் என்பதால், 1,000 கிலோமீட்டர் தொலைவில் துணைச் சர்வர் இருந்தால் ஒவ்வொரு உறுதிப்படுத்தலுக்கும், பதிவு போய் ஒப்புதல் திரும்பி வர, குறைந்தது 10 மில்லிநொடி கூடுகிறது. மேலும், காத்திருக்கும் முறையில் ஒரே ஒரு துணைச் சர்வரை வைத்தால், அது விழுந்த கணமே முதன்மைச் சர்வரில் எழுதும் வேலையும் நின்றுவிடும். ஆகவே இரண்டு துணைச் சர்வர்களை வைத்து, அவற்றில் ஏதேனும் ஒன்று ஒப்புக்கொண்டால் போதும் என்று அமைப்பதே என் பரிந்துரை. (தவறுதலாக அழித்த அட்டவணை எல்லா நகல்களிலும் அழிந்துபோகும் என்பதால், நகலாக்கம் ஒருபோதும் காப்புப்பிரதிக்கு மாற்றாகாது.)

இப்போது மௌனத்துக்கு வருவோம். இரண்டே சர்வர்கள் இருந்து, இடையிலுள்ள இணைப்பு அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே முடிவு செய்து இரண்டுமே எழுதத் தொடங்கக்கூடும். பிரிந்த தரவைப் பின்னர் ஒன்றுசேர்ப்பது பெரும் துன்பம். பெரும்பான்மை விதி இதைத் தடுக்கிறது: மூன்று உறுப்பினர்களில் இருவர் ஒப்புக்கொண்டால்தான் புதிய தலைமை. நான்கு உறுப்பினர்கள் இருந்தாலும் தாங்கக்கூடியது ஒரே இழப்புதான் என்பதால் ஒற்றைப்படை எண்ணே சிறந்தது. பட்ரோனி என்ற மென்பொருள், எட்சிடி போன்ற ஒரு பொதுக் களஞ்சியத்தில் தலைமைக்கான உரிமத்தைக் குறித்து வைக்கிறது. இயல்பு அமைப்பில் அந்த உரிமம் 30 நொடிகளுக்குச் செல்லும். அதற்குள் புதுப்பிக்க முடியாத சர்வர் தானாகவே பதவி விலக வேண்டும்.

விலக முடியாத நிலையில் அது உறைந்து கிடந்தால் என்ன செய்வது? வெளியிலிருந்து அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு தேவை. பேஸ்மேக்கர் என்ற கிளஸ்டர் மேலாண்மை மென்பொருளில் இந்த ஏற்பாட்டை அமைக்காதவரை கிளஸ்டர் எந்தச் சேவையையும் தொடங்க மறுக்கும். அந்தத் தொந்தரவைத் தவிர்க்கப் பலர் ஒரே வரியில் அதை அணைத்துவிடுகிறார்கள். நான் மன்றாடிக் கேட்பேன்: அணைக்காதீர்கள்.

2018 அக்டோபர் 21 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 43 நொடிகள் மட்டுமே பிணையம் துண்டிக்கப்பட்டது. பெரும்பான்மை விதிப்படியே அமெரிக்க மேற்குக் கரைக்குத் தலைமை மாறியது. ஆனால் கிழக்குக் கரையில் எழுதப்பட்ட சில நொடித் தரவு அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலோ புதிய தரவு குவியத் தொடங்கிவிட்டது. சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. எவ்வளவு பின்தங்கிய துணைச் சர்வரைத் தலைமைக்கு ஏற்கலாம் என்ற வரம்பை, நிறுவும்போதே யோசித்து எழுத வேண்டியது இதனால்தான். பட்ரோனியில் அதன் இயல்பு மதிப்பு 1 மெகாபைட்.

சோதனையின்போது மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பது மட்டும் போதாது, ஏனெனில் அது மிகத் தெளிவான மரணம். பட்ரோனியின் செயல்முறையை மட்டும் கொல்லாமல் உறைய வைத்து, தரவுத்தளத்தை ஓடவிட்டுப் பாருங்கள். உரிமம் காலாவதியாகி வேறொரு சர்வர் தலைமை ஏற்ற பிறகும், பழைய சர்வரில் நேரடியாக இணைந்து ஒரு வரி எழுத முடிகிறதா என்று சோதியுங்கள். முடிந்தால், பட்ரோனியிடமிருந்து சைகை வராதபோது இயந்திரத்தையே மறுதொடக்கம் செய்விக்கும் வாட்ச்டாக் என்ற காவல் ஏற்பாடு அங்கே இன்னும் இயங்கவில்லை.